கூப்பிட்டால் வருகிறவர்கள்

சிறுத்தை வந்தது. பெட்டியைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. பிறகு திரும்பித் தேயிலைக்குள் போய்விட்டது.

ஜீப்பில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலைமையில் இல்லை என்பதால் அடக்கிக்கொண்டாள். அவள் வனத்துறையின் கால்நடை மருத்துவர். மலைமேல் உள்ள எஸ்டேட்டுகளுக்குள் சிறுத்தை புகுந்தால் அதை உயிரோடு கூண்டில் பிடித்துத் தொலைவான காட்டில் கொண்டுபோய் விடுவது அவளுடைய குழுவின் வேலை. குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவள், ஜீப்பை ஓட்டவும் தடம் பார்க்கவும் தெரிந்த எபனேசர், ஒரு கூண்டு, அந்தப் பெட்டி.

பெட்டி என்பது பச்சை நிறத்தில் ஒரு ஒலிபெருக்கி. வெளிநாடுகளில் நரியும் ஓநாயும் வேட்டையாடுகிறவர்கள் வைத்திருக்கும் சாமான். ஆட்டுக்குட்டி கத்துவது, கேளையாடு குரைப்பது, முயல் வலியில் கீச்சிடுவது என்று சில பதிவுகள் அதில் இருந்தன. கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து ரிமோட்டை அழுத்தினால், ஏதோ இரை தவிக்கிறது என்று நம்பிச் சிறுத்தை வரும். நம்பிய காலம் ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் மழையிலும் மூடுபனியிலும் கிடந்ததில் இப்போது ஆட்டுக்குட்டிக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. முயல் பாதியில் நின்று, விக்கி, மறுபடி முதலிலிருந்து கத்தியது.

"நம்ம பெட்டிய அதுக்கு நல்லாப் பழக்கம் மேடம்," என்றார் எபனேசர். "இன்னும் கொஞ்ச நாள் விட்டா அதுவே வந்து ரிமோட்ட அமுக்கும்."

வெள்ளச்சிமலை எஸ்டேட்டில் அந்தச் சமயம் யாருக்கும் வேடிக்கை பேசும் மனநிலை இல்லை. முந்தின வாரம்தான், குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பூங்காவனம் என்ற பெண்ணின் தோளைச் சிறுத்தை கவ்வியிருந்தது. பக்கத்து நிரையில் இருந்தவர்கள் கூச்சல் போட்டதில் விட்டுவிட்டு ஓடியது. பூங்காவனம் உயிர் பிழைத்தாள். வலது கை மட்டும் மேலே தூக்க வரவில்லை. மறுநாளிலிருந்து யாரும் தேயிலைக்குள் இறங்கவில்லை.

மேலதிகாரி போனில் பேசினார். "இன்னொரு ஆள் மேல கை வச்சுதுன்னா சுடத்தான் உத்தரவு போடணும்மா. எனக்கு வேற வழி கிடையாது. நீங்க கேட்ட புதுக் கருவிய அனுப்புறோம். அத வச்சாவது புடிங்க."

புதுக் கருவி கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடகைக் காரில் வந்தது. கூடவே அதைச் செய்த கம்பெனியின் பொறியாளர் ஃபைசல் வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தான். ஒரு சோடா குடித்துவிட்டு வேலையில் இறங்கினான். பூசணிக்காய் அளவில் ஒரு சாம்பல் நிற உருண்டையைக் கூண்டுக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு மாட்டினான். தேங்காய் அளவில் இருந்த சிறு ஒலிபெருக்கிகளைச் சரிவு முழுவதும் சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்கிளைகளில் ஆள் ஏற்றிக் கட்டவைத்தான்.

"இதுல என்னென்ன சத்தம் இருக்கு?" என்று தமயந்தி கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லீங்க மேடம்."

"ஒண்ணுமே இல்லையா?"

"உங்க பழைய பெட்டியில சத்தம் இருந்துச்சு, காது இல்ல. இதுக்குக் காது இருக்கு. கண்ணு மாதிரி ஒண்ணும் இருக்கு, அது உடம்புச் சூட்டப் பார்க்கும். மரத்துல கட்டுனதுலயும் அதே மாதிரி இருக்கு. இது சும்மா ஒரு சத்தம் போட்டுப் பார்க்கும். யாராச்சும் கிட்ட வந்தா அதுக்கு ஒரு மார்க். வரலைன்னா மார்க் இல்ல. அடுத்த வாட்டி மாத்திப் போடும். அவ்வளவுதாங்க."

"என்ன சத்தம் போடணும்னு யாரு சொல்லித் தருவா?"

"யாரும் இல்லீங்க. இந்த இடத்துல என்னென்ன கேக்குதோ அதுல இருந்து அதுவே கத்துக்கும்."

எபனேசர் உருண்டையைச் சுற்றி வந்து பார்த்தார். "மார்க் வாங்கி அது என்ன தம்பி பண்ணும்?"

ஃபைசல் கொஞ்சம் யோசித்தான். "இன்னும் மார்க் வாங்கும்ணே," என்றான்.

முதல் நாட்களில் அது குழந்தை மாதிரி உளறியது. பாதி ஆடு, பாதி நாய் என்று ஒரு குரல். பிறகு பால் வண்டியின் ஹாரன். பிறகு யாருடைய போனிலோ அடிக்கும் பாட்டின் முதல் வரி. தமயந்திக்கு அதை விட்டு நகர மனமில்லை. வேறு முகாமில் வேலை முடிந்தாலும் திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி, இன்று என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். மைனாவின் குரலை ஒருநாள் அது அப்படியே பிடித்தபோது நிஜ மைனாக்கள் மரத்தில் வந்து குழம்பிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்குப் புல்லரித்தது.

பட்டாசும் தகர டின்னும் வைத்துக்கொண்டு காவலாட்கள் கூட வருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்த பிறகு பெண்கள் மறுபடி பறிக்க இறங்கினார்கள். ஒருநாள் முற்பகலில் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பெண்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு வந்து நின்றார்கள். அங்கே யாரும் இல்லை. சங்கு ஊதும் நேரமும் இல்லை. ஊதியது மரத்தின் மேலிருந்து என்று புரிந்ததும் பெரிய சிரிப்பு எழுந்தது.

"நல்ல மிஷினு. நம்மளச் சீக்கிரமா வீட்டுக்குப் போகச் சொல்லுது," என்றாள் ஒருத்தி.

தமயந்தியும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த நாட்களில் சாயங்காலமானால் மேல் சரிவில் சிறுத்தை குரல் கொடுத்தது. அது உறுமல் அல்ல. மரத்தை ரம்பம் கொண்டு அறுப்பதுபோல இழுத்து இழுத்து விடும் குரல். கேட்டவுடன் எபனேசர் ஜீப்பைக் கிளப்புவார். காவலாட்கள் ஏறிக்கொள்வார்கள். போய்ச் சேரும்போது தேயிலைச் செடிகள்தான் நிற்கும்.

பிறகு ஒரு விடியலில் கூண்டுக் கதவு விழுந்திருந்தது. கருவி முந்தின நாளெல்லாம் ஒரு நாய்க்குட்டியின் முனகலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த நாயிடமிருந்து கற்றது அது. கூண்டுக்குள் பெண் சிறுத்தை ஒன்று காதை மடக்கிச் சீறியது.

மயக்க ஊசி போட்டுப் பல்லை அளந்தபோது பூங்காவனம் கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி வந்து நின்றாள்.

"இவதானா டாக்டரம்மா?"

"இவதான். உங்க தோள்ல இருக்கிற பல் தடமும் இதுவும் ஒத்துப் போகுது. ஒரு பல்லு முனை உடைஞ்சிருக்கு பாருங்க."

பூங்காவனம் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "கண்ணு மட்டும் எவ்வளவு அழகா வச்சிருக்கா, பாவி," என்றாள்.

மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சிறுத்தை லாரியில் ஏறித் தூரக் காட்டுக்குப் போனது. இதோடு முடிந்தது என்று தமயந்தி நினைத்தாள். கருவியைக் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம், வேறு ஏதாவது சுற்றினால் தெரியும் என்று ஃபைசல் சொன்னான். அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த மாதம் முடிவதற்குள் ரம்பச் சத்தம் மறுபடி கேட்டது.

ஜீப் ஓடியது. ஒன்றும் இல்லை. மறுநாள் வேறு சரிவில் கேட்டது. அதற்கு மறுநாள் ஆற்றோரம். சில நாட்களில் ஒரு பெரிய ஆண் சிறுத்தை கூண்டில் விழுந்தது. அதைக் கொண்டுபோய் விட்டார்கள். குரல் நிற்கவில்லை. இன்னொரு ஆண் விழுந்தது. பிறகு ஒரு இளம் பெண். செய்தித்தாளில் புதுக் கருவியைப் புகழ்ந்து எழுதினார்கள். அதே செய்தியின் கீழ்ப்பாதியில், வெள்ளச்சிமலை சிறுத்தைகளின் கோட்டையாகிவிட்டது என்றும் எழுதினார்கள்.

ஜனங்கள் கீழ்ப்பாதியைத்தான் படித்தார்கள். ஒரு சிறுத்தை இருந்தபோது அதன்மேல் கோபம் இருந்தது. இத்தனை இருக்கின்றன என்று தெரிந்தபோது ஒவ்வொரு செடிக்கு அடியிலும் ஒன்று படுத்திருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. பள்ளிக்கூட வேன் மேலே வர மறுத்தது. பிள்ளைகள் வைத்திருந்தவர்கள் முதலில் கிளம்பினார்கள். பாத்திரம், பாய், டி.வி. எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கும் பொள்ளாச்சிக்கும் போனார்கள். லைன் வீடுகளில் பாதிக்குப் பூட்டுத் தொங்கியது. விட்டுப்போன நாய்கள் பூட்டிய கதவுகளின் முன்னால் படுத்திருந்தன.

பூங்காவனம் போகவில்லை.

"மக திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. வாம்மா வாம்மாங்கிறா," என்று தமயந்தியிடம் சொன்னாள். "அங்க போயி ஒத்தக் கையோட என்ன பண்ணுவேன்? இங்கயாவது நாற்றுப் பண்ணையில தண்ணி ஊத்தச் சொல்லி ஒரு வேலை குடுத்திருக்காங்க." பிறகு, அடக்கி வைத்திருந்தது வெளியே வந்ததுபோலச் சத்தமாகவே கேட்டாள். "புடிச்சுப் புடிச்சு விடுறீங்களே, அதுங்க வழி கண்டுபுடிச்சு வந்துருதுங்க. சுட்டாத்தான் என்ன?"

"ஒண்ணுகூட திரும்பி வரலம்மா. உடம்புல இருக்கிற புள்ளி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி இருக்கும், நம்ம கைரேகை போல. இதெல்லாம் வேற வேற சிறுத்தை."

"அப்ப இத்தனையும் இங்கயேவா இருந்துச்சு? நாங்க பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இதுங்க நடுவுலயா இத்தனை வருசம் படுத்துக் கிடந்தோம்?"

அவள் பயத்தில் கேட்ட கேள்விதான். தமயந்தி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தச் சரிவில் ஒரு பெண் சிறுத்தையும் அவ்வப்போது வந்துபோகும் ஒரு ஆணும் வாழலாம். அதற்கு மேல் இங்கே இரை கிடையாது. பிறகு எங்கிருந்து வருகின்றன?

சுடுவதற்கு உத்தரவு வந்தது. துப்பாக்கிக்காரர்கள் நாலு பேர் வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கினார்கள். ஒருநாள் பொழுது சாய்கிற நேரம் குரல் கேட்ட திசையில் போனார்கள். ஒரு வெடிச் சத்தம். தமயந்தி போய்ச் சேர்ந்தபோது ஓடைக்கரையில் ஒரு கிழட்டு ஆண் சிறுத்தை கிடந்தது. வேடிக்கை பார்க்க நிறையப் பேர் வந்திருந்தார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் உடலை அறுத்துப் பார்க்கும் வேலை அவளுடையது. வயிற்றில் கடமானின் முடி இருந்தது, குரங்கு முடி இருந்தது. ஆடு இல்லை, நாய் இல்லை, எஸ்டேட்டில் கிடைக்கும் எதுவுமே இல்லை. நான்கு பாதங்களிலும் தோல் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. புள்ளிகளைப் படம் எடுத்துச் சுற்றியுள்ள காடுகளின் கேமராப் படங்களோடு ஒப்பிட்டாள். இரண்டு மலைகளுக்கு அப்பால் இருக்கும் அடர்காட்டில் அது வருடக்கணக்காகப் பதிவாகியிருந்தது. முன்பு பிடித்தவற்றின் படங்களையும் ஒப்பிட்டாள். முதலில் விழுந்த அந்தப் பெண்ணைத் தவிர எல்லாமே தூரத்துக் காட்டுக்காரர்கள்.

"இதுங்க இந்த ஊரே இல்லண்ணே. எல்லாம் விருந்தாளிங்க," என்றாள் எபனேசரிடம்.

"விருந்தாளின்னா யாராவது கூப்பிட்டிருக்கணுமே மேடம்."

"அதான். தெரியாத ஒரு பொட்டைச் சிறுத்தை குரல் குடுத்தா ஆண் எவ்வளவு தூரமானாலும் பார்க்க வரும். இன்னொரு பெண்ணுகூட, காலியா இடம் இருக்கான்னு பார்க்க வரும். கூப்பிடுறது யாரு? இங்க இருந்தவள நாம கொண்டுபோய் விட்டு எவ்வளவு நாளாச்சு!"

யார் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானமே மேல் சரிவுக்குப் போனாள். எபனேசர் ஜீப்போடு கீழே சாலையில் நின்றார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், முதுகை அடிமரத்தில் சாய்த்துக்கொண்டு, மயக்க ஊசித் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தேயிலை நுனியில் நீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

குரல் எழுந்தபோது அவள் உடம்பு அப்படியே உறைந்தது. அது தூரத்தில் இல்லை. தலைக்கு நேர் மேலே இருந்தது. ர்ரா... ர்ரா... என்று இழுத்து இழுத்து அறுத்தது. மரத்தின் மேல் சிறுத்தை இருக்கிறது, நான் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாள். கழுத்தைக்கூடத் திருப்பாமல் கண்ணை மட்டும் மெல்ல மேலே உயர்த்தினாள். கிளை காலியாக இருந்தது. கிளையோடு சேர்த்துக் கட்டிய தேங்காய் அளவு ஒலிபெருக்கி மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. எபனேசர் வேகமாக மேலே வந்து, பட்டாசுச் சரத்தோடு குதித்து இறங்கினார். அவருக்குப் பின்னால் காவலாட்கள் இரண்டு பேர்.

"மேடம்! எங்க அது? எந்தப் பக்கம் போச்சு?"

தமயந்தி மேலே விரலைக் காட்டினாள்.

ஃபைசல் மறுநாளே வந்தான். இந்தத் தடவை வாந்தி எடுத்ததைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஃபேக்டரி அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்து, கருவியின் நினைவில் இருந்ததை வெளியே எடுத்தான். எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு மார்க் என்று வரிசையாக வந்தது. ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, சங்கு எல்லாம் கீழே கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, எட்டாத உயரத்தில், சிறுத்தையின் ரம்பக் குரல் இருந்தது.

"அத எங்க கத்துச்சு?"

"அந்த முதல் சிறுத்தைகிட்டதாங்க. பிடிபடுறதுக்கு முன்னாடி அது சாயங்காலமாக் கத்திட்டு இருந்துச்சுல்ல, அத இது கேட்டிருக்கு." ஃபைசல் திரையில் விரலை ஓட்டிக்கொண்டே போனான். பிறகு விரல் நின்றது. "மேடம், இதப் பாருங்க. ஒவ்வொரு வாட்டி அந்தச் சிறுத்தை கத்துன பிறகும் கொஞ்ச நேரத்துல சூடான உருவம் அஞ்சாறு வந்திருக்கு."

"அஞ்சாறு சிறுத்தையா? வாய்ப்பே இல்ல."

"சிறுத்தை இல்லீங்க." அவன் குரல் இறங்கியது. "நீங்க. எபனேசர் அண்ணன். காவலாட்கள். ஜீப்."

தமயந்தி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சிறுத்தை வந்தா ஒரு மார்க்," என்றான் ஃபைசல். "அந்தக் குரலப் போட்டா ஒரு ஜீப் ஆளுங்க வர்றாங்க. துப்பாக்கிக்காரங்க வந்த அன்னிக்கு, வேடிக்கை பார்த்தவங்களையும் சேர்த்து, இதுவரைக்கும் வாங்காத மார்க் வாங்கியிருக்கு. இது சிறுத்தையக் கூப்பிடவே இல்லீங்க மேடம். நம்மளத்தான் கூப்பிட்டிருக்கு. காட்டுல இருந்து சிறுத்தைங்க வந்தது அதுக்கு மேல கிடைச்ச லாபம்."

"மனுசன் வந்தா எதுக்கு மார்க் குடுக்குது? அது சிறுத்தை பிடிக்கிற கருவிதானே?"

அவன் தலை குனிந்துகொண்டான். "சிறுத்தைக்கு மட்டும்னு வச்சா முதல்ல மார்க்கே கிடைக்காதுங்க. மார்க்கே இல்லைன்னா அது எதையும் கத்துக்காது. அதனால ஆட்ட விடப் பெருசா, சூடா எது வந்தாலும் சரின்னு விட்டேன். அப்புறமா இறுக்கிக்கலாம்னு."

"இறுக்குனீங்களா?"

"நல்லாப் பிடிக்குதேன்னு விட்டுட்டனுங்க."

தமயந்திக்கு அவனைத் திட்டத் தோன்றியது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பூசணிக்காய் அளவில் ஒரு உருண்டை, கம்பத்தில் அசையாமல் தொங்கியபடி, அவளை இத்தனை நாள் கவனித்திருக்கிறது. இவள் எதைக் கேட்டால் ஓடி வருவாள் என்று பார்த்திருக்கிறது. ஆட்டுக்குட்டி கத்தினால் இவள் வரமாட்டாள். வேட்டைக்காரியைக் கூப்பிட அவள் தேடுகிற மிருகத்தின் குரல் வேண்டும். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. அதை வியக்காமல் இருக்க முடியவில்லை என்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

பூங்காவனத்திடம் அவளே போய்ச் சொன்னாள். நாற்றுப் பண்ணையில் இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்த பூங்காவனம் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப சிறுத்தையே இல்லைங்கிறீங்களா?"

"உங்களக் கடிச்சது உண்மை. அத அன்னிக்கே பிடிச்சாச்சு. அதுக்கப்புறம் இந்த மலைச் சிறுத்தைன்னு ஒண்ணும் இல்ல. வந்ததெல்லாம் இந்த மிஷின் கூப்பிட்டு வந்தது."

"சுட்டாங்களே, அது?"

"அதுவும்தான்."

"லைனக் காலி பண்ணிட்டுப் போனாங்களே?"

தமயந்தி வாளியை எடுத்து நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"போன் போட்டுச் சொல்லுங்க டாக்டரம்மா. வரச் சொல்லுங்க," என்றாள் பூங்காவனம். உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். "நீங்க சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அவங்கவங்க காதால கேட்டதாச்சே. எனக்கே நம்ப முடியல."

கருவியை நிறுத்தினார்கள். மரங்களிலிருந்து ஒலிபெருக்கிகளை அவிழ்த்து ஜீப்பின் பின்னால் போட்டார்கள். அன்று சாயங்காலம் எஸ்டேட்டில் ஒரு அமைதி வந்தது. மாடுகள்கூட அதைக் கவனித்தது போலத் தலையைத் தூக்கி நின்றன.

அப்போது மேல் சரிவிலிருந்து ரம்பச் சத்தம் எழுந்தது.

தமயந்தியும் எபனேசரும் ஃபைசலும் ஒரே நேரத்தில் ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். உருண்டை வயர் பிடுங்கிய நிலையில் கிடந்தது. குரல் மறுபடி வந்தது. பிறகு நின்றது. நீண்ட இடைவெளி விட்டு மறுபடி வந்தது.

"இது நிஜம்," என்றாள் தமயந்தி. "ஆண். வந்துட்டான். இத்தனை நாளா கூப்பிட்டவளத் தேடிட்டு இருக்கான். கூப்பிட்டுட்டு, பதில் வருதான்னு நின்னு கேக்குறான் பாருங்க."

மறுநாளும் கூப்பிட்டது. பதில் கிடைக்காததால் போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். அது போகவில்லை. ஒவ்வொரு நாளும் லைன் வீடுகளுக்கு இன்னும் கிட்டே வந்து தேடியது. துப்பாக்கிக்காரர்களின் உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. தமயந்தி மேலதிகாரியிடம் மன்றாடினாள். அவர் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரே ஒரு வாய்ப்பு.

"கூப்பிட்ட குரலாலயே திருப்பிக் கூட்டிட்டுப் போகலாம்," என்றாள் அவள். "வண்டியில மாட்டுங்க ஃபைசல்."

பொழுது புலர்ந்ததும் கிளம்பினார்கள். ஜீப்பின் பின்னால் ஒரே ஒரு ஒலிபெருக்கி. ஃபைசல் இந்தத் தடவை சிறுத்தையின் உருவத்துக்கு மட்டும் என்று மாற்றியிருந்தான். எபனேசர் முதல் கியரிலேயே ஓட்டினார். பெண் சிறுத்தையின் குரல் பனிக்குள் போனது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஃபைசலின் திரையில், தேயிலை நிரைகளுக்கு நடுவே, ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று நகர்ந்தது.

"வர்றான்," என்று மூச்சுக்குள் சொன்னான்.

ஜீப் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஜீப் நின்றால் அதுவும் நின்றது. லைன் வீடுகளைத் தாண்டும் இடத்தில் சிறுத்தை சாலைக்கு வந்தது. மெலிந்த, இளம் ஆண். பூட்டிய வீடுகளுக்கு முன்னால் நடுச்சாலையில் நின்றது. ஒரு நாய் குரைத்தது. சிறுத்தையின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, உடம்பு தாழ்ந்தது.

திறந்திருந்த ஒரே வாசலில் பூங்காவனம் நின்றிருந்தாள். காலடியில் இருந்த நாயை இடது கையால் இழுத்து, அதன் வாயை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தமயந்திக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. கண்ணைச் சிறுத்தையிடமிருந்து எடுக்கவில்லை. கத்தினால் போதும், வளைவில் துப்பாக்கிக்காரர்கள் தயாராக இருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் கத்தவில்லை.

ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது. சிறுத்தை நாயை மறந்து நிமிர்ந்து ஜீப்பின் பின்னால் நடந்தது.

ஆற்றுப் பாலம் தாண்டி, சோதனைச் சாவடி தாண்டி, சாலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எபனேசர் வண்டியை நிறுத்தினார். ஃபைசல் கருவியை அணைத்தான். அது மட்டும் போதாது என்று பேட்டரியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சிறுத்தை ஜீப்பைக் கடந்து போனது. கை நீட்டினால் எட்டும் தூரம். அவர்களைப் பார்க்கவே இல்லை. காட்டின் விளிம்பில் நின்று, தலையைத் தாழ்த்தி, அழைத்தது. காத்திருந்தது.

எங்கோ உள்ளேயிருந்து பதில் வந்தது.

சந்தேகமே இல்லை. பெண் சிறுத்தையின் குரல். இளம் ஆணின் காதுகள் முன்னால் குவிந்தன. அது ஓட்டமும் நடையுமாக மரங்களுக்குள் மறைந்தது. தமயந்தியின் கண் நிறைந்துவிட்டது. எபனேசரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீங்களாண்ணே? நிஜமாவே ஒருத்தி இருக்கா!"

எபனேசரும் சிரித்தார். ஃபைசல் சிரிக்கவில்லை. குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அந்த மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் இருக்குதுங்களா?"

"இருக்கு தம்பி," என்றார் எபனேசர். "பேப்பர்ல செய்தி வந்ததுல இருந்து அவங்களும் மிஷின் வேணும்னு கேட்டுட்டு இருந்தாங்க. ஏன்?"

"போன வாரம் எங்க ஆளு அங்க ஒண்ணு மாட்டிட்டு வந்தாப்ல," என்றான் ஃபைசல். "இந்தத் தப்பு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி. இங்க இது கத்துக்கிட்டத அப்படியே அதுல ஏத்தியிருப்பாங்க, மார்க்கும் பழைய மாதிரியேதாங்க இருக்கும். நான் நேத்துல இருந்து போன் போடுறேன், யாரும் எடுக்கல."

மறுபடி அந்தக் குரல் கேட்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். தமயந்தி தன் வாழ்நாளில் எத்தனையோ சிறுத்தைகளின் குரலைக் கேட்டவள். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இழுப்பையும் கவனித்தாள். தொண்டையிலிருந்து வருவது போலத்தான் இருந்தது. காற்றும் எச்சிலும் அதில் இருந்தன. அன்று மரத்தடியில் தலைக்கு மேல் கேட்டதிலும் அவை இருந்தன.

"சொல்ல முடியல," என்றாள்.

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"வண்டிய எடுங்க. மிஷினா இருந்தா, அவன் போய்ச் சேர்றதுக்குள்ள நாம போகணும். அங்கயும் துப்பாக்கி வச்சிருப்பாங்க."

எபனேசர் ஜீப்பைத் திருப்பி மலைச்சாலையில் ஏற்றினார். பனி விலகிக்கொண்டிருந்தது. மேலே முகட்டுக்கு அப்பாலிருந்து குரல் மறுபடி அழைத்தது. அவர் வேகத்தைக் கூட்டினார்.